பாதியில் எழுந்தவர்களின் இலை

ஆலடிப்பேட்டையில் பழைய மரம் அறுக்கும் பட்டறை இருந்த இடத்தில், சித்திரை வெயில் தணியத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மட்டும் திறந்திருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடை வந்தது. வந்த மூன்றாம் நாளே, அங்கே என்ன கேட்டாலும் கேட்டது வருவதில்லை என்றும், சாப்பிட உட்கார்ந்தவர் எப்போதோ எங்கேயோ பாதியில் விட்டுவிட்டு எழுந்து போன சாப்பாடுதான் வருகிறது என்றும், அதுவும் எழுந்தபோது இருந்த சூட்டோடு, பிசைந்தது பிசைந்தபடி, கடித்தது கடித்தபடி வருகிறது என்றும் ஊருக்குத் தெரிந்துபோனது. வேறு ஊராக இருந்தால் பூசாரியையோ போலீஸையோ கூப்பிட்டிருப்பார்கள். ஆலடிப்பேட்டைக்காரர்கள், கடையில் எந்நேரம் கூட்டம் குறைவாக இருக்கும் என்று விசாரித்தார்கள்.

அந்தக் கடைக்குப் போகாமல் கடைசிவரை மிஞ்சியவர் ஆவுடையப்பன். ஐம்பத்திரண்டு வயது, புறவழிச்சாலையில் லாரிகளை ஏற்றி நிறுத்தி எடைபோடும் எடைமேடையில் வேலை, வீடு திரும்ப ராத்திரி ஒன்பதரை ஆகும். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு ஊர்க்கதை எல்லாம் லாரியோடு சேர்ந்து தானாக வந்து நின்றுவிடும் என்பதால், கடையைப் பற்றி அவர் அறியாதது ஒன்றும் இல்லை. போகாததற்குக் காரணமும் அதுதான். பட்டினி தெரிந்த வீட்டில் வளர்ந்தவர், ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிடுகிறவர், ஆயுசில் அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தது ஒரே ஒரு தடவை. ஆகவே தனக்கு எந்த இலை வரும் என்று அவருக்குத் தெரியும்; அந்த இலையில் பாதி பிட்டபடி கிடக்கும் சீலா மீன் துண்டு வரைக்கும் தெரியும்.

கடையின் சங்கதியை முதலில் கண்டவர் வாழைக்காய் மண்டி தவசிக்கண்ணு. திறந்த அன்றைக்கே போய் இரண்டு வெங்காய ஊத்தப்பம் சொல்லிவிட்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தபோது, முன்னால் தயிர்ச் சோறும் ஓரத்தில் பாதி கடித்த நார்த்தங்காயும் இருந்தன. பதினாறு வருஷத்துக்கு முன், மண்டியில் தீப்பிடித்துவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட, போட்டது போட்டபடி ஓடிய ராத்திரியின் தயிர்ச் சோறு அது. அவருடைய விரல் தடம்கூடச் சோற்றில் அப்படியே இருந்தது. அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுப் போனார். மறுநாள் காலை எடைமேடைக்கு வந்து ஆவுடையப்பனிடம் அதைச் சொன்னபோதும் அதிசயமாகச் சொல்லவில்லை, குறையாகத்தான் சொன்னார்.

"கேக்கது ஒண்ணு, கொண்டாரது ஒண்ணு. கடை நடத்துற லெச்சணமாவே இது? ஆனா நார்த்தங்கா மட்டும் அன்னைக்குக் கசந்த மாதிரியே கசக்கு."

கடை நடத்துகிறவள் அமலோற்பவம் என்று கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கனத்த பெண்; அடுப்பில் நிற்பவர் அவள் புருஷன் மிக்கேல் மாஸ்டர். காரணம் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அவள் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "எங்களுக்கு என்ன தெரியும்? கல்லுல போடுறது புரோட்டா, எடுக்கிறது புரோட்டா. மேசைக்குப் போறதுக்குள்ள அது அவியலும் அப்பளமுமா ஆயிட்டுன்னா நாங்க என்ன செய்ய?" மிக்கேல் மாஸ்டருக்கு இதில் பெரிய மனவருத்தம். இருபத்திரண்டு வருஷம் மாவு அடித்த கை, நாலு ஊரில் பேர் வாங்கிய புரோட்டா, இந்த ஊரில் அதைத் தின்று பார்த்து நல்லது கெட்டது சொல்ல ஓர் ஆள் அமையவில்லை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு அமலோற்பவம் வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டினாள்: 'கேட்டது வரும் என்று சொல்ல முடியாது. வந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிடவும்.' மிச்சம் வைத்தவர்களுக்கு மறுநாளும் அதே வந்ததால், அது மிரட்டல் இல்லை, நல்ல யோசனைதான்.

பெண்களால்தான் கடைக்கு வேலை கூடியது. ஆண்கள் கோபத்தில் எழுந்தவர்கள், ஆளுக்கு நாலோ ஐந்தோ இலையோடு தீர்ந்துபோகும், அதோடு சாப்பிட வருவதையும் நிறுத்திவிடுவார்கள். பெண்கள் எழுந்தது கோபத்தில் இல்லை. தண்ணீர் கேட்டு, பிள்ளை அழுது, பால் பொங்கி, விருந்தாள் வந்து, கேஸ் வண்டி மணியடித்து, எப்போது தட்டின் முன்னால் உட்கார்ந்தாலும் யாரோ கூப்பிட்டு எழுந்தவர்கள், திரும்பி வருவதற்குள் காய்ந்து போனதைக் கழுநீர்த் தொட்டியில் கொட்டியவர்கள். தபாலாபீஸ் செல்லக்கிளி நாற்பது ராத்திரி விடாமல் வந்தும் மூத்தவனுக்குப் பல் முளைத்த வருஷத்தைத் தாண்ட முடியவில்லை. அவர்கள் கூட்டமாக வந்து, ஒரு மேசையில் எட்டுப் பேர் நெருக்கி உட்கார்ந்து, "ஒனக்கு இன்னைக்கு எந்த வருசம்டீ வந்திருக்கு?" என்று ஒருத்தி இலையை ஒருத்தி எட்டிப் பார்த்துக்கொண்டு, கடைசி வாய் வரைக்கும் யாரும் கூப்பிடாமல் சாப்பிட்டார்கள். அந்த நேரத்தில் வீட்டிலிருந்த ஆண்கள் பால் பொங்காமல் தாங்களே பார்த்துக்கொள்ளப் பழகினார்கள் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் மூன்று பேர் பழகினார்கள்.

நகராட்சியிலிருந்து சுகாதார ஆய்வாளர் வந்து, சோதனைக்காக இரண்டு வடை கேட்டு, மாற்றல் உத்தரவு கைக்கு வந்த மத்தியானம் பாதியில் மூடிவைத்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, 'உணவு சுத்தமாக உள்ளது, உப்பு சற்றுத் தூக்கல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். உண்ணாவிரதம் இருந்து பேர் வாங்கிய வட்டச் செயலாளர் ஒருவருக்கு, பந்தலுக்குப் போகுமுன் பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டதால் அவசரமாகத் தள்ளிவைத்த ஒன்பது இட்லியில் மீதி நாலும் வந்தது. அன்றிலிருந்து அவர் பார்சல் வாங்க ஆள் அனுப்பிப் பார்த்தார், போன ஆளின் பழைய கஞ்சிதான் பார்சலில் வந்தது.

எல்லாவற்றையும்விட ஊர் அதிகம் பேசியது பாயசக் கதையைத்தான். முப்பது வருஷத்துக்கு முன் மகன் கல்யாணத்தில் தனக்குப் பாயசம் ஊற்றவில்லை என்று பந்தியில் பாதியில் எழுந்து, அன்றோடு சம்பந்தி வீட்டுப் பேச்சை முறித்துக்கொண்ட ஆறுமுகநயினார், கடையில் அந்தக் கல்யாண இலையைக் கண்டதும் கண் கலங்கி, கூட்டு பொரியலைச் சாப்பிட்டு, இலையின் ஓரத்தைத் துடைத்து வைத்துக்கொண்டு அரைமணி நேரம் காத்திருந்தார். பாயசம் அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. மறுநாள் ராத்திரி, செய்தி கேள்விப்பட்ட சம்பந்தி, தள்ளாத வயதில் ஒரு தூக்குச் சட்டியில் பால் பாயசத்தோடு வந்து கடை வாசலில் நின்றார். அதற்குப் பிறகு, முறிந்த உறவுக்காரர்கள் பஞ்சாயத்துக்குப் போவதை விட்டுவிட்டு அமலோற்பவத்திடம் மேசை சொல்லிவைக்க ஆரம்பித்தார்கள்.

பிள்ளைகள் விஷயம் மட்டும் யாருக்கும் முதலில் பிடிபடவில்லை. சோற்றைக் கண்டால் ஓடுகிற, மூன்று வாய்க்கு மேல் முகத்தைத் திருப்புகிற பிள்ளைகளுக்குக் கேட்ட தோசை கேட்டபடி வந்தது, மிக்கேல் மாஸ்டரும் அந்த மேசைகளுக்கு மட்டும் சிரித்த முகமாக வெளியே வந்து போனார். ஒருநாள் ஒன்றாம் வகுப்பு டீச்சர் பூமாரிதான் அதை அவிழ்த்தாள். "அதுக வச்ச மிச்சத்தை எல்லாம் நாங்கதான தின்னு தீத்தோம். பெறகு மிச்சம் எங்க இருக்கு வாரதுக்கு?" என்றாள். அதன் பிறகு ஊர் யோசித்துப் பார்த்ததில், நாய்க்கும் மாட்டுக்கும் போட்டது திரும்பி வருகிறது, குப்பையில் கொட்டியது திரும்பி வருகிறது, ஒரு மனுஷர் எடுத்துச் சாப்பிட்டது மட்டும் வருவதில்லை என்று தெளிவானது. ஆவுடையப்பன் இதையும் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தபடி கேட்டுக்கொண்டார். தன் விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அவர் விஷயம் இதுதான். பதினோரு வருஷத்துக்கு முன் ஊரிலிருந்த நூற்பாலையை மூடினார்கள். அதில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்த ஆவுடையப்பன், வேலை போன பிறகு எட்டு மாதம் கையைப் பிசைந்துகொண்டு வீட்டில் இருந்தார். நடுத்தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய அக்கா உலகம்மாள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆள் அனுப்பித் தம்பியைச் சாப்பிடக் கூப்பிடுவாள். ஆலையில் இருபது நிமிஷ இடைவேளையில், முடிவுச் சங்கு ஊதுவதற்குள் சாப்பிட்டே பழகியவர் என்பதால், ஆவுடையப்பன் எங்கே உட்கார்ந்தாலும் அள்ளி அள்ளி வேகமாகத்தான் சாப்பிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீலா மீன் குழம்பும் சோறுமாக அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எதிரே இருந்த அத்தான் வேலாயுதம், யாரையும் கேலி பேசாமல் விடத் தெரியாத மனுஷன், சிரித்துக்கொண்டே சொன்னார்: "மெதுவாச் சாப்பிடும் மாப்பிள. இனி எந்தச் சங்கு ஊதப் போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். பிள்ளைகள் சிரித்தன, பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார், கையில் கரண்டியோடு நின்ற உலகம்மாளும் சிரித்துவிட்டாள். மற்றவர்கள் சிரித்ததை ஆவுடையப்பன் அன்று ராத்திரியே மறந்திருப்பார். அக்கா சிரித்ததுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. "இனிமே இந்த வீட்ல கை நனைக்க மாட்டேன்" என்று எழுந்து, கழுவாத கையோடு நடுத்தெரு முழுக்க நடந்து, விரலில் குழம்பு காய்ந்து இழுக்கத் தன் வீட்டுக் குழாயடியில் வந்துதான் கையைக் கழுவினார்.

கை நனைக்க மாட்டேன் என்று சொல்வது அந்தப் பக்கத்தில் வெறும் பேச்சு இல்லை. சோற்றை மறுத்தவன் உறவை மறுத்தவன். வேலாயுதம் மறுநாளே, "வெளாட்டுக்குச் சொன்னேன், அதுக்குப் போயி" என்று ஆள் அனுப்பினார். அதற்குள் ஊர், 'ஆவுடையப்பன் ஒரு சொல்லுக்காரன், சொன்னாச் சொன்னதுதான்' என்று அவரைத் தூக்கி உயரத்தில் வைத்துவிட்டது. தூக்கி வைக்க நாலு பேர் வருவார்கள், இறக்கிவிட ஒருத்தரும் வரமாட்டார்கள் என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. பதினோரு வருஷம் அப்படியே போய்விட்டது.

இப்போது உலகம்மாளின் ஒரே மகள் இசைவாணிக்குக் கல்யாணம், ஆனி மாதத்துக் கடைசி முகூர்த்தத்தில், புதன்கிழமை. அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன் மாலை போட்ட பிறகுதான் பெண் மணையில் உட்காரலாம். மாலை போடுகிற மாமன் அதற்கு முன்னால் பெண் வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டிருக்க வேண்டும். பசித்த வயிற்றோடு நிற்கிறவன் கையால் பெண் மாலை வாங்குவது இல்லை. மாமன் வராவிட்டால் வேறொருவர் அந்த இடத்தில் நின்று போடலாம், ஆனால் போட்டவரே அன்றுமுதல் மாமன். பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தாலும், அவளைப் பெற்றவள் செத்தாலும், முறை செய்ய வேண்டியவர் அவர்தான். வேலாயுதத்தின் சித்தப்பா மகன் ஒருவர் மாலை போடத் தயாராக இருந்தார். அந்தப் புதன்கிழமை தாண்டினால் ஆவுடையப்பனுக்கு அக்கா என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆள் இல்லை.

உலகம்மாள் பத்திரிகை வைக்க வந்தபோது வாசற்படிக்கு வெளியே நின்று, ஆவுடையப்பன் மனைவி சண்முகக்கனியிடம் தாம்பாளத்தை நீட்டினாள். ஆவுடையப்பன் உள்ளே சட்டையைத் தேடுகிறவரைப் போல நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க மாமா மாலை போடாம நான் மணையில உக்கார மாட்டேன்னு அவ ஒத்தக் கால்ல நிக்கா, கனி. நானும் சொல்லிப் பாத்துட்டேன். சின்னப்பிள்ளையில அவன் சைக்கிள்ல உக்காந்து பள்ளிக்கூடம் போனவ, அதை மறக்க மாட்டேங்கா."

"நான் என்ன மதினி செய்ய? உங்க தம்பியப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் சண்முகக்கனி.

"தெரியும். அதான் வாசல்ல நிக்கேன்" என்றாள் உலகம்மாள்.

அன்று ராத்திரி ஆவுடையப்பன் தூங்கவில்லை. மறுநாளிலிருந்து எடைமேடைக்கு வந்த ஒவ்வொருவரும் ஒரே யோசனையைச் சொன்னார்கள், யார் முதலில் சொன்னது என்று தெரியாத அளவுக்கு எல்லோரும் சொன்னார்கள். கடைக்குப் போனால் அவருக்கு வரப்போவது அக்கா வீட்டு இலை. அக்கா கையால் பொங்கிய சோறு, அக்கா கையால் வைத்த குழம்பு. அதைக் கடையில் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்துவிட்டால், பெண் வீட்டுச் சோறு சாப்பிட்டதாகவும் ஆகும், அந்த வீட்டில் கை நனைக்கவில்லை என்பதும் நிற்கும். வேலாயுதமே, "கடையில வந்தாலும் அது எங்க வீட்டுச் சோறுதான, எனக்குச் சம்மதம்" என்று சொல்லி அனுப்பினார். பாம்பும் சாகாமல் கம்பும் உடையாமல் ஒரு வழி கிடைத்ததில் ஊருக்கே திருப்தி. ஆவுடையப்பன் இரண்டு நாள் பிகு பண்ணிவிட்டு, மூன்றாம் நாள், "சரி, ஊர் சொல்லுதுன்னா போவோம்" என்றார். ஊர் சொல்லாவிட்டாலும் போயிருப்பார் என்பது சண்முகக்கனிக்குத் தெரியும். அவள் நல்ல சேலை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை ராத்திரி பத்து மணிக்கு இருவரும் நடந்து போனார்கள். சாரல் காலம், மலையிலிருந்து வந்த ஈரம் விழவும் செய்யாமல் நிற்கவும் செய்யாமல் தெருவிளக்குகளைச் சுற்றி மிதந்துகொண்டிருந்தது. கடைக்குள் நுழைந்ததும், ஈரம் பட்ட பழைய சுவர்களிலிருந்து தேக்குத் தூளின் வாசம் எழுந்தது. ஒரு மேசையில் தை மாதப் பொங்கல் நடந்துகொண்டிருந்தது, பக்கத்து மேசையில் யாருக்கோ ஐப்பசி மழை நாளின் பூண்டு ரசம் ஆவி விட்டது, மூலையில் ஒரு கல்யாணப் பந்தியின் ஒற்றை இலைக்கு முன்னால் ஒரு வக்கீல் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார், சுவரோரமாக ஒரு பெண் எதையோ மென்றுகொண்டே சத்தமில்லாமல் அழுதாள், அவளை யாரும் என்னவென்று கேட்கவில்லை. எல்லா வருஷங்களும் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து அவரவர் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

சண்முகக்கனி இட்லி சொன்னாள். வந்தது, அவர்கள் வீட்டு நசுங்கிய எவர்சில்வர் தட்டில் சாம்பார்ச் சோறும் அவரைக்காய்ப் பொரியலும். அவள் ஒரு பார்வையில் கண்டுகொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.

"இது எப்பம்?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"நீங்க மாடியில இருந்து கூப்பிட்டிய. ஏறி வந்துட்டுத் திரும்பிப் போறதுக்குள்ள பூனை வாய் வச்சுட்டு."

"எதுக்குக் கூப்பிட்டேன்?"

"மூக்குக் கண்ணாடி எங்கன்னு கேக்க."

"எங்க இருந்துச்சு?"

"உங்க சட்டைப் பையிலதான்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வாயை எடுத்தாள். ஆவுடையப்பன் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் தனக்கு நாலு புரோட்டா சொல்லியிருந்தார். எப்படியும் அது வரப்போவதில்லை என்பதால் வாயில் வந்ததைச் சொன்னார். உள்ளே கல்லில் சத்தம் கேட்டது, பக்கத்து மேசைகளில் கை அசைவு நின்றது, தவசிக்கண்ணு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், வேலாயுதம் பார்த்துவரச் சொல்லி அனுப்பிய ஆள் வாசலில் எட்டிப் பார்த்தான். அமலோற்பவம் தானே எடுத்துவந்து இலையை முன்னால் வைத்தாள்.

நாலு புரோட்டா இருந்தது. பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றி, ஓரத்தில் வெங்காயம் வைத்து, நாலு புரோட்டா.

ஆவுடையப்பன் காத்திருந்தார். சில நேரம் கொஞ்சம் தாமதமாகும் என்று யாரோ சொன்னார்கள். சால்னாவில் ஆவி அடங்கியது. புரோட்டா புரோட்டாவாகவே இருந்தது. உள்ளேயிருந்து மிக்கேல் மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்து, பெரிய ஆள் ஒருத்தர் முன்னால் தன் புரோட்டா மாறாமல் நிற்பதைப் பார்த்து முகமெல்லாம் பல்லாக, "சாப்பிட்டுப் பாருங்கண்ணாச்சி, எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றார். பதிலுக்காக அங்கேயே நின்றார்.

ஆவுடையப்பனுக்கு முதலில் வந்தது அவமானம். ஊரில் பிச்சைக்காரனுக்குக்கூட அவன் விட்டுப்போன சோறு திரும்பி வருகிறது, தன்னுடையது மட்டும் வரவில்லை, அக்கா வீட்டுச் சோறு தன்னை வேண்டாம் என்றுவிட்டது என்று நினைத்தார். புதன்கிழமை வேறு எவனோ மாலையோடு நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"அன்னைக்கு முழுசாச் சாப்பிட்டுட்டுத்தான் எந்திரிச்சீரோ?" என்று கேட்டார் தவசிக்கண்ணு.

"பாதிச் சோறு கெடந்துச்சுவே. மீன் துண்டுல பாதி கெடந்துச்சு. எனக்குத் தெரியாதா?"

"நாய்க்குப் போட்டிருந்தாலும் வந்திருக்கணும்" என்றார் தவசிக்கண்ணு. மிச்சமிருக்கும் காரணம் என்னவென்று கடையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், அதைச் சொல்ல வேண்டியவர்கள் தாங்கள் இல்லை என்பதும் தெரியும்.

சண்முகக்கனிதான் சொன்னாள். தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாகச் சொன்னாள்: "அப்பம் அதை யாரோ சாப்பிட்டிருக்காவ."

ஆவுடையப்பன் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். வேலாயுதம் இன்னொருவர் எச்சிலைத் தொடுகிறவர் இல்லை. பிள்ளைகள் தொடாது. வேலைக்காரி அந்த வீட்டில் கிடையாது. நினைத்துப் பார்க்க வேண்டியதே இல்லை, ஆனாலும் எல்லோரையும் தள்ளிவிட்டுத்தான் அவர் அக்காவிடம் வந்து சேர்ந்தார். எல்லோரும் போன பிறகு, அடுக்களையில், அவள் அந்த இலையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். நாமும் சேர்ந்து சிரித்துவிட்டோமே என்று உட்கார்ந்திருக்கிறாள். தம்பி பிசைந்துவிட்டுப் போன சோற்றை, தம்பி பிட்டுவிட்டுப் போன மீனை, அவன் எச்சில் என்று பார்க்காமல், ஒரு பருக்கை விடாமல், அழுதுகொண்டு சாப்பிடுகிறாள். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அதை யாரிடமும் சொல்லவில்லை. அவர் முறித்துக்கொண்டு வந்ததாக நினைத்ததை அவள் அன்றைக்கே தின்று தீர்த்துவிட்டாள். முடிக்க வேண்டிய சாப்பாடு என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. இல்லாத ஒன்றின் முன்னால்தான் அவர் ஒரு சொல்லுக்காரராக நின்றுகொண்டிருந்தார்.

அவர் அழுதார். ஐம்பத்திரண்டு வயதில், எடைமேடைச் சட்டையோடு, அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து அழுதார். அந்தக் கடையில் அது வழக்கம்தான் என்பதால் எல்லோரும் அவரவர் இலைக்குத் திரும்பிக்கொண்டார்கள். மிக்கேல் மாஸ்டர் மட்டும் கலங்கிப்போய், "காரம் கூடிட்டோ?" என்று கேட்டார்.

"இல்ல மாஸ்டர். நல்லா இருக்கு" என்றார் ஆவுடையப்பன், இன்னும் ஒரு துண்டுகூட வாயில் வைக்காமல்.

பிறகு சாப்பிட்டார். பலகையில் எழுதியிருந்தது ஒரு காரணம், இனி எந்தச் சாப்பாட்டிலும் பாதியில் எழுவதில்லை என்று தோன்றியது இன்னொரு காரணம். நாலு புரோட்டாவையும் சால்னாவையும் வெங்காயத்தையும், வாழ்க்கையில் முதல் தடவையாக அவசரமில்லாமல், மென்று விழுங்கி முடித்தார். உண்மையிலேயே நன்றாக இருந்தது. மாஸ்டர் மனம் குளிர்ந்து இன்னும் ஒன்று கொண்டுவந்து போட, அதையும் சாப்பிட்டார். வயிறு முட்டி, மூச்சு வாங்க, கை கழுவிவிட்டு வந்து மனைவியிடம், "நடுத்தெருவுக்குப் போவோம்" என்றார்.

"மணி பதினொண்ணு ஆவப்போவுது."

"கல்யாண வீடு. முழிச்சுத்தான் இருப்பா."

சாரலில் நடந்தார்கள். வேலாயுதம் அனுப்பிய ஆள் முன்னால் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டானோ என்னவோ, நடுத்தெரு முழுக்க ஜன்னல்கள் விழித்திருந்தன. ஆனால் ஒருவரும் வெளியே வரவில்லை, ஒருவரும் விளக்குப் போடவில்லை. பந்தலுக்குக் கால் நட்டிருந்த வீட்டுக்கு முன்னால் ஆவுடையப்பன் நின்றார். ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிவந்த பேச்செல்லாம் இந்த வாசலோடு போய்விடும் என்று அவருக்குத் தெரிந்தது, போகட்டும் என்று இருந்தது. கதவைத் தட்டக் கை தூக்கும்போதே கதவு திறந்தது.

உலகம்மாள் நின்றாள். முன்தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் மஞ்சள் அரைத்த கறை. பின்னால் இசைவாணி, அவளுக்குப் பின்னால் வேலாயுதம், ஒரு கேலிப் பேச்சும் வாயில் வராமல் தலையைக் குனிந்துகொண்டு. உலகம்மாள் தம்பியை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பதினோரு வருஷத்துப் பேச்சில் எதை முதலில் எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில், யார் வாசலுக்கு வந்தாலும் கேட்கிறதைத்தான் கேட்டாள்.

"சாப்பிட்டியாடே?"

தொண்டை வரைக்கும் ஐந்து புரோட்டா நின்றது. சண்முகக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இல்லக்கா" என்றார் ஆவுடையப்பன். "பசிக்கு."